பக்கத்து சீட் ருத்தீனியம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கங்களில் 20 பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் பாக்கெட்டுக்குள் இருந்த ஆசாமி ஒருவரே. மெத்தனால்.

அதனால் மெத்தனால் என்றாலே நமக்குப் போலீஸும் ஆஸ்பத்திரியும்தான் ஞாபகம் வருகின்றன. இதே மெத்தனாலைத் தண்ணீர் கலந்து ஒரு டப்பாவில் ஊற்றினால் புகை இல்லாமல், 'தடதட' சத்தம் இல்லாமல் மின்சாரம் வருகிறது. ஜெர்மனியில் கடையில் விற்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பலாம். அந்த டப்பாவுக்கு எரிபொருள் மின்கலம் என்று பாடப்புத்தகப் பெயர். நாம் ஃப்யூயல் செல் என்றே வைத்துக்கொள்வோம்.

பின் ஏன் தெருவுக்குத் தெரு அது வரவில்லை? மனிதனைக் கொல்லும் மெத்தனால், டப்பாவுக்குள் இருக்கும் உலோகத்தையும் ஏறக்குறைய அதே மாதிரி மூச்சுத் திணற வைக்கிறது. ஐம்பது அறுபது வருஷமாக விஞ்ஞானிகள் செய்துகொண்டிருப்பது, சுருக்கமாகச் சொன்னால், பிளாட்டினத்துக்கு விஷமுறிவு வைத்தியம்.

முதலில் மனுஷக் கதை. மெத்தனால் தொண்டையில் இறங்கியதும் கொல்வதில்லை. கல்லீரல் அதைப் பிரிக்கப் பார்க்கிறது. அங்கே இருக்கும் ஒரு என்ஸைம் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த என்ஸைம் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலம். இதற்கு அடுத்த படி, அதாவது கார்பன் டையாக்ஸைடாக்கி வெளியே அனுப்புவது, ரொம்ப மெதுவாக நடக்கிறது. அமிலம் தேங்கி, உடம்பின் செல்கள் ஆக்ஸிஜனை உபயோகிப்பதையே தடுத்துவிடுகிறது. கண் நரம்புதான் முதலில் அடிவாங்கும். பிழைத்தவர்களில் சிலர் பார்வை இழப்பது இதனால்தான்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? ஃபோமிபிஸோல் என்று ஒன்று. அது கிடைக்காவிட்டால் சாதாரண எத்தனால், நல்ல சாராயம்! என்ஸைமுக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பிரியம் அதிகம். அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மெத்தனால் மாறாமல் மெல்ல வெளியேறிவிடும். (இது டாக்டர்கள் அளவு பார்த்துச் செய்யும் வேலை. வீட்டில் வைத்தியம் பார்க்கிறேன் என்று யாராவது பாட்டிலைத் திறந்தால் நான் பொறுப்பல்ல.)

என்ஸைம் என்பதும் ஒரு வினையூக்கிதான். வினையூக்கி என்பது கமிஷன் வாங்காத கல்யாணத் தரகர். பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் அப்படியே இருந்து அடுத்த ஜாதகத்தை எடுக்கும். அவர் அடுத்த ஜாதகத்தை எடுக்க முடியாமல் போவதுதான் நம் கதை.

ஃப்யூயல் செல்லுக்கு வயசு அதிகம். 1839-ல் வில்லியம் குரோவ் என்பவர் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் பிளாட்டினத் தகடுகளில் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். அவர் தொழில் வக்கீல், பிற்பாடு நீதிபதி. ஹைட்ரஜன் நல்ல பிள்ளை. ஆனால், அதை 700 மடங்கு அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்து வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. மெத்தனால் திரவம். கேனில் ஊற்றி மூடி போட்டால் போதும். ஒரு கிலோ மெத்தனாலுக்குள் ஏட்டுக் கணக்குப்படி 6 யூனிட் மின்சாரம் தூங்குகிறது. ஈ.பி. கார்டில் எழுதுவார்களே, அதே யூனிட். ஒரு கிலோ லித்தியம் பாட்டரியில் கால் யூனிட் இருந்தால் அதிகம்.

ஆசை வருகிறதா இல்லையா? அமெரிக்காவில் 1990-களில் ஜார்ஜ் ஓலா, சூர்ய பிரகாஷ் ஆகியோரும், நாஸாவின் ஜெட் புரொபல்ஷன் சோதனைச்சாலையில் சுரம்புடி, நாராயணன் ஆகியோரும் சேர்ந்து, மெத்தனாலைத் தண்ணீரில் கரைத்து நேரடியாக செல்லுக்குள் விடும் முறைக்கு பேட்டன்ட் வாங்கினார்கள். ஓலா 1994-ல் வேறு ஒரு வேலைக்காக நோபல் பரிசு வாங்கியவர். பெட்ரோலுக்குப் பதில் உலகமே மெத்தனாலில் ஓட வேண்டும் என்று 2006-ல் ஒரு புத்தகமே போட்டார். பெயர்களைக் கவனித்தீர்களா? கலிஃபோர்னியாவில் இந்த டப்பாவைச் சுற்றி நின்றவர்களில் நம்ம ஊர்ப் பெயர்கள் நிறைய.

சரி, தகராறு எங்கே?

எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு நண்பர். தன் அபார்ட்மென்டுக்குச் செயலாளர். ஜெனரேட்டர் சத்தத்துக்காக இரண்டாவது மாடிக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர். அவர்தான் டிபன் டயத்தில் ஆரம்பித்தார்.

"ஸார், இந்த மெத்தனால் செல்லு சத்தமே போடாதாமே? பின்னே ஏன் ஸார் யாரும் விக்க மாட்டேங்கறான்?"

"பிளாட்டினம் டேபிள்ல ஃபைல் தேங்கிப் போச்சு."

"புரியற மாதிரி சொல்லுங்க ஸார்."

சொன்னேன். பிளாட்டினம் ஒரு சுறுசுறுப்பான கிளார்க். மெத்தனால் என்கிற ஃபைல் வந்ததும் பிரித்து, அதிலிருந்து ஹைட்ரஜனை ஒவ்வொன்றாக உருவுவார். ஒரு மெத்தனால் மூலக்கூறிலிருந்து மொத்தம் ஆறு எலெக்ட்ரான் எடுக்கலாம். முதல் நாலு சுலபமாக வந்துவிடும். அப்புறம் டேபிளில் மிச்சமிருப்பது கார்பன் மோனாக்ஸைடு. மூடிய காருக்குள் ஏ.சி. போட்டுத் தூங்கினவர்களைக் கொல்கிறதே, அதே வாயு. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பை அது எப்படி விடாமல் பிடிக்கிறதோ, அப்படியே பிளாட்டினத்தையும் கட்டிக்கொண்டு நகராது. டேபிள் முழுக்க இப்படி அடைத்துக்கொண்டால் அடுத்த ஃபைலை வைக்க இடம் ஏது?

"குளோஸ் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே?"

பண்ணலாம். அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். தண்ணீரிலிருந்து ஓர் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு வந்து மோனாக்ஸைடோடு சேர்த்தால், அது கார்பன் டையாக்ஸைடாகிக் கிளம்பிப் போய்விடும். பாக்கி இரண்டு எலெக்ட்ரானும் கிடைக்கும். பிளாட்டினத்துக்குத் தண்ணீரைப் பிளக்கத் தெரியாமல் இல்லை. சுமார் 0.7 வோல்ட் அழுத்தம் கொடுத்தால்தான் செய்வார். மேலதிகாரி கத்தினால் மட்டும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். இந்த செல்லிலிருந்து ஏட்டுக் கணக்குப்படி கிடைக்கக்கூடியதே 1.2 வோல்ட். அதில் 0.7 கத்துவதற்கே போய்விட்டால் வீட்டுக்கு எதை எடுத்துப்போவது?

"அப்ப கிளார்க்கை மாத்திடுங்க."

ஐம்பது வருஷமாக அதையும் முயற்சி செய்து பார்த்துவிட்டார்கள். அமிலத்துக்குள் கரையாமல் உட்கார்ந்து மெத்தனாலைப் பிரிக்க பிளாட்டினத்துக்கு நிகராக இன்னொருவர் அகப்படவில்லை. நிக்கல் செய்யும்; ஆனால் அதற்குக் காரக் கரைசல் வேண்டும். அங்கே வெளியேறும் கார்பன் டையாக்ஸைடு காரத்தோடு சேர்ந்து கார்பனேட்டாகிவிடும், அதாவது சலவை சோடாவின் சொந்தக்காரன். அது வேறு தலைவலி.

ஆளை மாற்றுவதற்குப் பதில் பக்கத்து சீட்டில் ஒருவரைப் போட்டால்? அவர்தான் ருத்தீனியம். 1844-ல் ருஷ்யாவில் கஸான் நகரில் கண்டுபிடித்து, ருஷ்யாவின் லத்தீன் பெயரையே வைத்த உலோகம். தனியாக விட்டால் அறை வெப்பத்தில் மெத்தனாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் 0.2, 0.3 வோல்ட்டிலேயே தண்ணீரைப் பிளந்து கையெழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பிளாட்டினத்தின்மேல் மோனாக்ஸைடு ஒட்டியதும், 'இந்தாங்க ஸார்' என்று நீட்டும். ஃபைல் குளோஸ்.

1960-களிலேயே இந்தக் கூட்டணி நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுவிட்டார்கள். ஏன் என்று 1975-ல் விளக்கியவர்கள் ஜப்பானில் யாமனாஷி பல்கலைக்கழகத்தில் வாதனாபே, மோட்டோ என்ற இருவர். இரண்டு உலோகம், இரண்டு வேலை, அடுத்தடுத்து உட்கார வேண்டும். பிற்பாடு இன்னொரு காரணமும் தெரிந்தது. ருத்தீனியம் பக்கத்தில் இருந்தாலே பிளாட்டினத்தின் எலெக்ட்ரான் குணம் கொஞ்சம் மாறி, மோனாக்ஸைடின் பிடி தளர்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1990-களில் அமெரிக்காவில் காஸ்டைகர், மார்க்கோவிச், ராஸ் கூட்டணி செய்த ஆராய்ச்சி. எத்தனை சதவிகிதம் ருத்தீனியம் இருந்தால் நல்லது என்று பார்த்தார்கள். பாதிக்குப் பாதி என்றுதானே நாம் சொல்வோம்? அறை வெப்பத்தில் சுமார் 10 சதவிகிதமே உத்தமம் என்று வந்தது. காரணம் எளிமையானது. மெத்தனாலைப் பிரிக்க இரண்டு மூன்று பிளாட்டினம் அணுக்கள் சேர்ந்தாற்போல் வேண்டும். நடுவில் ருத்தீனியம் நிறைய வந்தால் அந்தக் கூட்டம் கலைந்துபோகும். 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ருத்தீனியமும் மெத்தனாலைக் கவனிக்க ஆரம்பிக்கிறது. அப்போது 30 சதவிகிதம் வரை போகலாம். ஆக, உதவியாளர் எத்தனை பேர் என்பது ஆபீஸின் உஷ்ணத்தைப் பொறுத்தது. (மானேஜர்கள் கவனிக்க.)

அடுத்தது காசு.

பிளாட்டினத்தைத் தகடாக வைத்தால் உள்ளே இருக்கும் அணுக்கள் தண்டச் சம்பளம். வேலை நடப்பது மேற்பரப்பில் மட்டும். அதனால் கரித்தூளின்மேல் மிகச் சின்னப் பொடிகளாகத் தூவுகிறார்கள். 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக ஒரு கிராமைச் செய்தால் மொத்த மேற்பரப்பு எவ்வளவு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சுமார் 93 சதுர மீட்டர். ஆயிரம் சதுர அடி! ஒரு கிராமில் ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட். மடிப்பாக்கத்தில்கூட இந்த ரேட்டில் கிடைக்காது.

அப்படியும் போதவில்லை. மெத்தனால் செல்லில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 4 மில்லிகிராம் விலை உயர்ந்த உலோகம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சதுர சென்டிமீட்டர் தருவது 80 மில்லிவாட். ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு உலோகம்? 50 கிராம். பவுன் கணக்கில் ஆறேகால் பவுன். ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் கார் நூறு கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. அந்தக் காரிலேயே பிளாட்டினம் சுமார் 30 கிராம்தான்.

அக்கவுண்ட்ஸ் நண்பர் இந்த இடத்தில் டிபன் டப்பாவை மூடினார். "ஆறேகால் பவுன்ல பொண்ணுக்குச் செயின் போட்டுடுவேன் ஸார். ஜெனரேட்டர் ரூமுக்கு வாட்ச்மேன் வேற வைக்கணும். நான் டீசலே ஊத்திக்கறேன்."

நியாயம். ஆனால் வினையூக்கியை நல்லபடியாக மாற்றினால் குறைவது இந்த 50 கிராம்தான். ஹைட்ரஜன் செல்லில் இது நடந்திருக்கிறது. 1980-களில் லாஸ் அலாமோஸில் பிளாட்டினத்தை 4 மில்லிகிராமிலிருந்து 0.4-க்குக் கொண்டுவந்தார்கள், பத்தில் ஒரு பங்கு. புது உலோகம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த பிளாட்டினத்தின் ஒவ்வொரு பொடிக்கும் அமிலப் பாதை போய்ச் சேரும்படி செய்தார்கள், அவ்வளவுதான். மூலை சீட்டுக்கும் ஃபைல் போனது.

மெத்தனாலில் ஏன் அந்த மாதிரி சுலபமாக நடக்கவில்லை? ருத்தீனியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சவ்வைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை 2004-ல் லாஸ் அலாமோஸில் ஸெலனாய் குழுவினர் எடுத்துக் காட்டினார்கள். இந்தப் பக்கம் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அந்தப் பக்கம் ஆக்ஸிஜனைக் கவனிக்கும் பிளாட்டினத்துக்கு இடைஞ்சல். ஒரே ராஜினாமாவில் இரண்டு செக்‌ஷன் கெட்டது.

சவ்வும் லேசுப்பட்டதல்ல. தண்ணீரில் கலந்த மெத்தனாலுக்கும் தண்ணீருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் விட்டுவிடும். எதிர்ப்பக்கம் போன மெத்தனால் அங்கே வீணாக எரிவதோடு, வோல்டேஜையும் இறக்கிவிடுகிறது. அதனால்தான் பல செல்களில் மெத்தனாலை 3, 4 சதவிகிதத்துக்கு நீர்த்து விடுகிறார்கள். கடைசியில் கையில் வருவது 0.4 வோல்ட் சுமார். பன்னிரண்டு வோல்ட் வேண்டுமானால் 30 செல்களை வரிசையில் அடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே, 'புதிய வினையூக்கி! பத்து மடங்கு வேகம்!' என்று மாதம் ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தங்கம் சேர்த்தது, வெள்ளீயம் சேர்த்தது, ஐந்து உலோகத்தை ஒன்றாய் உருக்கியது, பூ மாதிரி வளர்த்தது, கூண்டு மாதிரி வளர்த்தது. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் கொஞ்சம் கீழே படியுங்கள். பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குவளையில், கந்தக அமிலத்தில், சில மில்லிகிராம்கூட இல்லாத பொடியை வைத்துச் சோதித்திருப்பார்கள். ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். 'பத்து மடங்கு' என்பது எதைவிட? கடையில் வாங்கிய ஒரு பழைய பொடியைவிட. நிஜ செல்லில், 70 டிகிரி சூட்டில், ஆயிரம் மணி நேரத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்ற வரி இருந்தால் அந்த ஆராய்ச்சிக்காரருக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். என் கட்சி இதுதான்: வேகத்தில் நமக்குப் பெரிய குறை இல்லை. முதல் நாள் ஜாயின் பண்ணும்போது எல்லோரும்தான் சுறுசுறுப்பு. மூன்றாவது வருஷம் எப்படி என்பதைப் பார்த்துத்தான் சம்பளம் போட வேண்டும்.

பாட்டரிக்காரர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்பதும் ஒரு விஷயம். தோஷிபா கம்பெனி 2009 அக்டோபரில் ஜப்பானில் டைனாரியோ என்று ஒரு கையடக்க சார்ஜரை விட்டது. 14 மில்லிலிட்டர் மெத்தனால் ஊற்றினால் செல்போனை இரண்டு தடவை சார்ஜ் செய்யலாம். விலை 29,800 யென். செய்ததே 3,000 டப்பாதான். சுவரில் பிளக் இருக்கும்போது, சட்டைப் பையில் விஷத்தை வைத்துக்கொண்டு யார் அலைவார்கள்?

பிளக் இல்லாத இடம் என்றால் கதை மாறுகிறது. ஜெர்மனியின் எஸ்.எஃப்.சி. எனர்ஜி கம்பெனி எஃபாய் என்ற பெயரில் விற்பது 40 வாட், 75 வாட் ரகங்கள். 75 வாட் என்பது ஒரு பழைய சீலிங் ஃபேன். ஒரு யூனிட்டுக்கு 0.9 லிட்டர் மெத்தனால் குடிக்கிறது. வீட்டோடு ஊர் சுற்றும் வேன்களிலும், காட்டுக்குள் நிற்கும் கண்காணிப்புக் கருவிகளிலும் வைக்கிறார்கள். சூரியத் தகடு பனியில் மூடிக்கொள்ளும் ஊர்களில் அந்த ஒரு ஃபேன் அளவு மின்சாரம் பெரிய விஷயம். 10 லிட்டர் கேனைச் சொருகினால், கையால் தொடாமல், முகராமல் வேலை முடிகிறது. கேனின் மூடியை அப்படி அமைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது வரும்போது வினையூக்கிக்கு முன்னால் அந்த மூடியை இறக்குமதி செய்ய வேண்டும் என்பேன். இங்கே மெத்தனால் எங்கே கசிந்தாலும் அது போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரியும்.

எதிர்ப்பக்க பிளாட்டினத்தை எடுத்துவிட்டு இரும்பைப் போடும் முயற்சி தனியாக நடக்கிறது. 1964-ல் ஜஸின்ஸ்கி என்பவர் கோபால்ட் தாலோசயனைன் என்ற பொருள் ஆக்ஸிஜனைக் கையாளும் என்று காட்டினார். நீல பால்பாயிண்ட் பேனாவின் மையில் இருக்கும் சாயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அது. நடுவில் ஒரு உலோக அணு, சுற்றி நாலு நைட்ரஜன். இப்போது அதே அமைப்பில் இரும்பு உப்பு, நைட்ரஜன், கரி மூன்றையும் சேர்த்து 900 டிகிரி சுமாருக்குச் சுட்டு எடுக்கிறார்கள். விலை மலிவு. அதைவிட முக்கியம், தப்பி வரும் மெத்தனாலை இந்த இரும்பு கண்டுகொள்வதே இல்லை. ஆக்ஸிஜன் உண்டு, தான் உண்டு. நம் ஊரில் காரைக்குடியிலும் ஃப்யூயல் செல் ஆராய்ச்சி நடக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் நிலையத்தில். ஊர்க்காரர்கள் 'சிக்ரி' என்பார்கள்.

இரும்புக்கும் குறை உண்டு. அமிலத்தில் சில நூறு மணி நேரத்திலேயே சோர்ந்துபோகிறது. நாலு நைட்ரஜனுக்கு நடுவில் இரும்பு என்ற இந்த ஏற்பாட்டை நம் ரத்தம் ஹீமோகுளோபினில் எப்போதோ செய்துவிட்டது. அதைச் சுமக்கும் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள், அதாவது 2,880 மணி நேரம். அதற்குமேல் உடம்பு அதை நம்புவதில்லை. பிரித்துப் போட்டு, இரும்பை மட்டும் பொறுக்கிக்கொண்டு, எலும்பு மஜ்ஜையில் புதிதாகச் செய்துகொள்கிறது. எஃபாய் டப்பாவுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. உள்ளே முதல் நாள் வைத்ததை வைத்துத்தான் கடைசி வரை ஓட்டியாக வேண்டும்.